பதினோரு ஜனவரிகள்: மார்க் சக்கர்பெர்க்கின் ஆண்டுத் தீர்மானங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

புத்தாண்டுத் தீர்மானங்களை ஆராய முற்படுபவருக்கு முதலில் எதிர்ப்படும் இடையூறு சான்றுகளின் பஞ்சமே ஆகும். தீர்மானம் எடுக்காதவர் அரிது. ஆயினும் என்ன நினைத்தார், எப்படித் தொடங்கினார், டிசம்பர் வந்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்பதை வரிசையாகப் பதிந்து வைத்தவர் அதைவிட அரிது. ஜனவரி முதல் தேதியன்று ஆசையோடு எழுதத் தொடங்கிய டைரி பொங்கலுக்குப் பிறகு வெற்றுத் தாளாகவே புரளும் என்பது நம் வீடுகளில் பலரும் அறிந்ததே. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் 2009 முதல் 2019 வரை தொடர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆண்டுக்கொரு தனிப்பட்ட இலக்கை வகுத்துக்கொண்டார் என்பதும், அவற்றுள் பெரும்பாலானவை குறித்து அவரே பேசியும் எழுதியும் இருக்கிறார் என்பதும், 2020 ஜனவரியில் அந்த வழக்கத்தையே அவர் கைவிட்டார் என்பதும் இந்த நிகழ்வை ஆய்வுக்கு ஏற்றதாக்குகின்றன. அவருடைய நிறுவனத்தைப் பற்றி ஒருவர் என்ன கருத்துக் கொண்டிருந்தாலும், தொடக்கமும் நடுவும் முடிவும் பொதுவெளியில் பதிவாகியுள்ள இத்தகைய தொடர் வேறொன்று எளிதில் கிடைக்காது.

ஆய்வின் வரம்பையும் இங்கேயே குறித்துவிட வேண்டும். நிறைவேறியது என்று கொள்ளப்படும் பல இலக்குகளுக்கு அவருடைய சொல்லே சான்று. நாள்தோறும் நன்றிக் கடிதம் எழுதினாரா என்பதை எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை. மேலும், வீட்டுக்கே வரும் ஆசிரியரும், பயணத்தைத் திட்டமிடும் பணியாளர்களும், காலத்தைத் தன் விருப்பப்படி ஒதுக்கும் அதிகாரமும் உடைய ஒருவரின் வெற்றியை, காலை ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவரின் தோல்வியோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஆகவே அவர் வென்றாரா தோற்றாரா என்பதைவிட, எந்த வகை இலக்கு அவரிடம் நிலைத்தது, எந்த வகை குலைந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. வசதி எல்லா ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பதால், ஆண்டுகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டை வசதியைக் காட்டி விளக்கிவிட முடியாது.

தொடரின் முதல் தீர்மானம் கழுத்துப்பட்டை. 2009 தொடங்கியபோது சக்கர்பெர்க்குக்கு வயது 24. அமெரிக்கப் பொருளாதாரம் சரிவில் இருந்தது. ஃபேஸ்புக் இன்னும் தன் செலவைத் தானே ஈட்டும் நிலையை எட்டவில்லை. டி-சட்டையும் செருப்புமாக அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த அவர், இது விளையாட்டான ஆண்டு அல்ல என்பதைத் தனக்கும் ஊழியர்களுக்கும் உணர்த்துவதற்காக, ஆண்டு முழுவதும் தினமும் டை கட்டி வருவதென முடிவு செய்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் 30 கோடிப் பயனர்களைத் தொட்டதோடு, வரவு செலவை மிஞ்சிய நிலையையும் அறிவித்தது. கழுத்துப்பட்டையால்தான் அது நடந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தீர்மானத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது: நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பெருங்கவலையை, காலையில் கண்ணாடி முன் நின்று இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒரு செயலாக அவர் சுருக்கிக்கொண்டார். சந்தை அவர் கையில் இல்லை. டை அவர் கையில் இருந்தது. இந்த வேறுபாடு ஒன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் முக்கியமாகிறது.

2010இல் மாண்டரின் சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். மனைவியாக அமையவிருந்த பிரிசில்லா சானின் குடும்பத்தாரோடு, குறிப்பாகச் சீன மொழி மட்டுமே அறிந்த பாட்டியோடு பேச வேண்டும் என்பதைக் காரணங்களுள் ஒன்றாக அவர் பின்னர் குறிப்பிட்டார். 2009 முதல் ஃபேஸ்புக் தடை செய்யப்பட்டிருந்த ஒரு பெரும் சந்தையின் மொழி அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பதினோரு தீர்மானங்களில் மிகக் கடினமானது இதுவே என்பது என் கணிப்பு. ஏனெனில் ஓராண்டில் முடிகிற காரியம் அல்ல இது. 2010 டிசம்பரில் மதிப்பெண் போட்டிருந்தால் தோல்வி என்றே எழுத நேர்ந்திருக்கும். ஆனால் 2014 அக்டோபரில் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ அரை மணி நேரம் மாணவர்கள் முன்னிலையில் மாண்டரினிலேயே அவர் கேள்விகளுக்குப் பதிலளித்தார். உச்சரிப்பு பலரால் கேலி செய்யப்பட்டது. தொனிகள் பல இடங்களில் பிசகின. தனக்கு மற்றவர் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டதற்கு, உங்களுக்கு ஆங்கிலத்திலேயே காதில் ஏறுவது குறைவுதானே என்று அவர் பதில் சொன்னதாகக் கூறி அவையைச் சிரிக்கவும் வைத்தார். அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் மாண்டரினில் உரையாற்றினார். டிசம்பர் 31 அன்று மூடிவிட வேண்டிய கணக்காக இதை அவர் கருதவில்லை. ஆண்டுத் தீர்மானம் தொடங்கிவைப்பதற்கு மட்டுமே பயன்பட்டது, பிறகு அது பழக்கத்தின் பொறுப்பில் விடப்பட்டது.

2011ஆம் ஆண்டின் தீர்மானம் பலருக்கு அருவருப்பை ஊட்டியது: தானே கொன்ற விலங்கின் இறைச்சியை மட்டுமே உண்பது. அந்த ஆண்டு மே மாதம் 'ஃபார்ச்சூன்' இதழ் வழியே செய்தி வெளியானது. கொதிநீரில் இட்ட லாப்ஸ்டரில் தொடங்கி, கோழி, பன்றி, ஆடு என்று அது தொடர்ந்தது. நாம் உண்பதற்காக ஓர் உயிர் சாக வேண்டியிருக்கிறது என்பதைத் தான் மறக்காதிருக்கவே இப்படிச் செய்வதாக அவர் விளக்கினார். நடைமுறையில் இதன் விளைவு, ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அவர் சைவ உணவுக்காரராக மாறியதே. இறைச்சியைக் குறைப்பேன் என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு விருந்திலும் எவ்வளவு குறைவு என்ற வழக்காடல் மனத்துக்குள் நடந்திருக்கும். நிபந்தனையை வெளிப்படையாக வைத்ததால் தட்டின் முன் அமரும்போது யோசிக்கவே இடமில்லாமல் போயிற்று. இலக்கை 'இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்' என்ற வடிவில் முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள் பொதுவான விருப்பத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாகக் காட்டியிருந்தார். சக்கர்பெர்க் அதைப் படித்தாரோ இல்லையோ, அவருடைய விதி அந்த வார்ப்பில்தான் அமைந்திருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. 2012இல் தினமும் கணினி நிரல் எழுதுவது. 2013இல் ஃபேஸ்புக் ஊழியர் அல்லாத ஒரு புதிய மனிதரைத் தினமும் சந்திப்பது. 2014இல் தினமும் ஒரு நன்றிக் குறிப்பு எழுதுவது. மூன்றிலும் 'தினமும்' என்ற சொல் பொதுவானது. 2012 மே மாதம் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து, 38 டாலருக்கு விற்ற பங்கு செப்டம்பருக்குள் பாதிக்கும் கீழே சரிந்த ஆண்டில், அதன் தலைவர் நிரல் எழுத நேரம் ஒதுக்கியது தேவைதானா என்று பங்குதாரர் ஒருவர் கேட்டிருந்தால் அதில் தவறில்லை. நன்றிக் குறிப்பைப் பற்றி அவர் சொன்ன காரணம் மட்டும் நேர்மையானது: தான் எதிலும் குறை காணும் இயல்புடையவன் என்பதால் அது தனக்குத் தேவைப்படுகிறது என்றார். சீனம் கற்பதைப் போலத் திறமையைக் கூட்டுவது அல்ல, குணத்தின் ஒரு கோணலை நிமிர்த்துவது அதன் நோக்கம். அந்த வகையில் இத்தொடரில் அது தனித்து நிற்கிறது.

2015 ஒரு திருப்பம். அதுவரை பேட்டிகளிலும் இதழ்களிலும் அங்குமிங்கும் தெரியவந்த தீர்மானம், அந்த ஆண்டு முதல் ஜனவரியில் உலகமே வாசிக்கும் முகநூல் பதிவாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு நூல் படிப்பதாக அறிவித்து, அதற்கென ஒரு பக்கத்தையும் தொடங்கினார். கணக்குப்படி 26 நூல்கள் வர வேண்டும். பட்டியல் 23இல் நின்றது. ஆண்டின் இறுதியில் முதல் குழந்தை பிறந்தது. 23 நூல்களும் எளிய வாசிப்பு அல்ல. வரலாறு, அறிவியல், அரசியல், சமயம் என்று பரந்தவை. ஆகவே மூன்று குறைந்ததைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பொது அறிவிப்பின் பயனைப் பற்றி மட்டும் ஓர் ஐயத்தைக் குறித்து வைக்கலாம். நாலு பேரிடம் சொன்னால் மானத்துக்கு அஞ்சியாவது செய்வோம் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகள், 'நான் இன்னாராக ஆகப் போகிறேன்' என்ற வகை நோக்கங்களைப் பிறர் அறிந்து அங்கீகரித்துவிட்டால், பாதி தூரம் வந்துவிட்ட நிறைவு ஏற்பட்டு முயற்சி தளரக்கூடும் என்று காட்டின. சக்கர்பெர்க்கிடம் அறிவிப்பு முயற்சியைத் தளர்த்தியதாகத் தெரியவில்லை. ஆனால் அது வேறொன்றைச் செய்தது. தனக்காக எடுத்த தீர்மானம், பார்வையாளர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் தீர்மானமாக மெல்ல மாறியது.

அந்த மாற்றம் முற்றுவதற்கு முன் வந்த 2016, என் பார்வையில் இத்தொடரின் உச்சம். வீட்டை இயக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் தானே உருவாக்குவது இலக்கு. அதற்கு ஜார்விஸ் என்று பெயரிட்டார். கூடவே ஆண்டுக்குள் 365 மைல், அதாவது சுமார் 587 கிலோமீட்டர் ஓடுவதாகவும் அறிவித்து, அதை ஆண்டின் நடுவிலேயே முடித்துவிட்டார். டிசம்பரில் அவர் எழுதிய நீண்ட அறிக்கையே 2016ஐப் பிற ஆண்டுகளிலிருந்து பிரிக்கிறது. ஆண்டு முழுவதுமாக இதற்குச் செலவிட்டது ஏறத்தாழ 100 மணி நேரம் என்று அதில் குறிப்பிட்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற அந்த அளவு, உலகின் மிகப் பரபரப்பான வேலைகளில் ஒன்றைச் செய்பவருக்கும் இயல்வதே. சிரமம் எங்கே வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். பேச்சைப் புரிந்துகொள்ளும் நிரலைவிட, விளக்கு, குளிர்சாதனம், தொலைக்காட்சி, இசை எனத் தனித்தனி நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதே முதல் தலைவலியாக இருந்தது. ரொட்டி வாட்டும் கருவி ஒரு நல்ல சான்று. மின்சாரம் இல்லாத நிலையிலேயே ரொட்டியை உள்ளே அழுத்தி வைத்துவிட்டு, பிறகு தொலைவிலிருந்து மின்சாரத்தைத் திறந்துவிட வேண்டும். இன்றைய டோஸ்டர்கள் மின்சாரம் இல்லாதபோது ரொட்டியைப் பிடித்து வைப்பதில்லை. கடைசியில் 1950களில் செய்யப்பட்ட ஒரு பழைய டோஸ்டரைத் தேடிப்பிடித்து இணைத்தார். குரலால் கட்டளையிடுவதற்காகவே கட்டிய ஒன்றுக்குத் தான் பெரும்பாலும் தட்டச்சு செய்தே செய்தி அனுப்புவதையும், அருகிலிருப்பவருக்கு இடையூறு இல்லாததே அதற்குக் காரணம் என்பதையும் கண்டு வியந்ததாகவும் எழுதினார். தொடங்கும்போது தெரியாத ஒன்றை முடிக்கும்போது ஒருவர் அறிந்திருக்கிறார் என்றால், அந்தத் தீர்மானம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.

2017இல் அமெரிக்காவில் அதுவரை தான் கால்வைக்காத மாநிலங்களுக்கெல்லாம், ஏறத்தாழ முப்பது மாநிலங்களுக்கு, சென்று மக்களைச் சந்திப்பதாக அறிவித்தார். முந்தைய நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்து, நாடு பிளவுபட்டுக் கிடந்த நேரம் அது. லாரி ஓட்டுநர்கள் தங்கும் நிறுத்தம், கார் தொழிற்சாலை, ஒஹாயோவில் ஒரு குடும்பத்தின் இரவு உணவு மேசை என்று பயணம் நீண்டது. தொழில்முறைப் புகைப்படங்களோடு பதிவுகள் வந்தன. விளைவாக, அவர் அதிபர் தேர்தலில் நிற்கப் போகிறார் என்ற ஊகம் கிளம்பி, இல்லை என்று அவரே மறுக்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இலக்கு நிறைவேறியது. ஆனால் பட்டியலில் உள்ள இடங்களுக்குச் செல்வதும், அங்குள்ளவர்களிடமிருந்து எதையாவது கற்பதும் ஒன்றல்ல. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் உணவு மேசையில் மனம்விட்டுப் பேசுபவர் எத்தனை பேர் என்ற கேள்வியை அந்தப் படங்கள் எழுப்பிக்கொண்டே இருக்கின்றன.

2018 ஜனவரி 4 அன்று வெளிவந்த அறிவிப்பே இந்த ஆய்வின் மையம். உலகம் பதற்றத்திலும் பிளவிலும் இருக்கிறது, வெறுப்புப் பேச்சு, பிற நாடுகளின் தலையீடு, பயனற்றுக் கழியும் நேரம் ஆகிய சிக்கல்களில் ஃபேஸ்புக் சரிசெய்ய வேண்டியது நிறைய உள்ளது, இவற்றைச் சரிசெய்வதில் கவனம் செலுத்துவதே இவ்வாண்டின் தனிப்பட்ட சவால் என்று அவர் எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது தனிப்பட்ட சவால் போலத் தோன்றாது என்பதை அந்தப் பதிவிலேயே ஒப்புக்கொண்டார். இன்றைய நிலை 2009ஐ நினைவூட்டுகிறது என்று சொல்லி, அன்று தினமும் டை கட்டியதையும் குறிப்பிட்டார். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை அவர் சரியாகவே கண்டார். வேற்றுமையை அவர் எடைபோட்டதாகத் தெரியவில்லை. 2009இல் கவலை நிறுவனத்தைப் பற்றியது, தீர்மானம் அவருடைய கழுத்தைப் பற்றியது. 2018இல் கவலையே தீர்மானமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் என்ன செய்தால் இன்றைய பங்கு முடிந்தது என்று சொல்லலாம் என்பதற்கு அந்தப் பதிவில் விடை இல்லை. 'சரிசெய்தல்' எப்போது முடிந்தது என்று அறியவும் வழியில்லை.

நடந்தவை அனைவரும் அறிந்தவை. மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது, 8.7 கோடி வரையிலான பயனர்களின் தகவல்கள் முறையின்றிப் பகிரப்பட்டிருக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. ஏப்ரல் 10, 11 தேதிகளில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் அவர் அமர்ந்தார். ஜூலை 26 அன்று பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 19 விழுக்காடு சரிந்து, நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 12,000 கோடி டாலர் கரைந்தது. செப்டம்பரில் கணக்குகளுக்குள் ஊடுருவல் நடந்தது கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்டவை முதலில் சுமார் 5 கோடி என்றும் பின்னர் சுமார் 3 கோடி என்றும் கணக்கிடப்பட்டன. டிசம்பர் 28 அன்று அவர் எழுதிய ஆண்டிறுதிக் குறிப்பில், பாதுகாப்புப் பணியில் 30,000க்கும் மேற்பட்டோர் இருப்பதைச் சுட்டி, முன்னேற்றம் குறித்துப் பெருமை தெரிவித்தார். இந்தச் சிக்கல்களைத் தீர்ப்பது ஓராண்டுச் சவாலுக்கும் மேலானது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் குறிப்பை 2016ஆம் ஆண்டின் ஜார்விஸ் அறிக்கையோடு அருகருகே வைத்துப் படித்தால் நடையிலேயே வேறுபாடு தெரிகிறது. ஜார்விஸ் அறிக்கை செய்தவர் எழுதியது. 2018 குறிப்பு தலைமைச் செயல் அதிகாரி எழுதியது.

இதைத் திறமைக் குறைவு என்று விளக்கத் தேவையில்லை. புத்தாண்டுத் தீர்மானங்கள் பற்றிய ஆய்வுகள் தரும் வெளிச்சமே போதுமானது. அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நார்கிராஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குப் பின்னும் அதில் வெற்றி கண்டிருந்தனர். அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களில் 4 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். தீர்மானமே வீண் என்ற கேலிக்கு இது போதிய மறுப்பு. 2020இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஓராண்டு பின்தொடர்ந்து, ஒன்றைப் புதிதாகச் செய்யத் தொடங்கும் இலக்கு கொண்டவர்களில் 58.9 விழுக்காட்டினரும், ஒன்றைத் தவிர்க்கும் இலக்கு கொண்டவர்களில் 47.1 விழுக்காட்டினரும் தங்களை வெற்றி பெற்றவர்களாகக் கருதியதைக் கண்டது. சக்கர்பெர்க்கின் இலக்குகளில் பெரும்பாலானவை முதல் வகை: கட்டு, படி, எழுது, ஓடு, சந்தி. 2018 மட்டுமே, தீங்கு நேராமல் தடுப்பது என்ற இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதுவும் கோடிக்கணக்கானோர் செய்யும் தீங்கை.

2019இல் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் குறித்துப் பொது உரையாடல்களை நடத்துவதாக அறிவித்து, சட்ட அறிஞர், பதிப்பக நிறுவனத் தலைவர், வரலாற்றாசிரியர் எனப் பலரோடு பேசினார். பொதுவெளியில் பேசக் கூசும் ஒரு பொறியாளருக்கு அது உண்மையான பயிற்சியாக இருந்திருக்கலாம்; ஆனால் பேசுபொருள் மீண்டும் அலுவலகமே. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2020 ஜனவரி 9 அன்று, ஆண்டுக்கொரு சவால் என்ற முறையை விடுத்து, 2030இல் உலகமும் தன் வாழ்வும் எப்படி இருக்க வேண்டும் என்று சிந்திக்கப் போவதாக எழுதினார். கடந்த சவால்களின் நோக்கம் நிறுவனத்தை நடத்தும் அன்றாட வேலைக்கு வெளியே தான் வளர்வதே என்று அதில் நினைவுகூர்ந்தார். அந்த வரையறை அவரே வகுத்தது. 2018 அதற்குள் அடங்காது. பத்தாண்டுப் பார்வையில் இடம்பெற்ற தலைப்புகளும், அடுத்த கணினித் தளம், சிறு வணிகங்களுக்கான வாய்ப்பு, இணையத்துக்கான புதிய ஆளுகை முறை போன்றவை, ஒரு மனிதரின் தீர்மானப் பட்டியலைவிட ஒரு நிறுவனத்தின் செயல்திட்டத்தையே ஒத்திருந்தன. சில வாரங்களில் பெருந்தொற்று வந்து, யாருடைய ஜனவரித் திட்டத்துக்கும் மதிப்பில்லாமல் செய்துவிட்டது.

ஆயினும் தனிப்பட்ட இலக்கு என்ற வழக்கம் அவரை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. ஜனவரி அறிவிப்பு மட்டுமே நீங்கியது. 2023 மே மாதம் ஜுஜிட்சு என்னும் தற்காப்புக் கலைப் போட்டியில் இறங்கிப் பதக்கம் வென்றார். அதே மாத இறுதியில், மர்ஃப் எனப்படும் உடற்பயிற்சிச் சவாலை, சுமார் 9 கிலோ எடையுள்ள மேலங்கியை அணிந்தபடி, 40 நிமிடத்துக்குள் முடித்ததாகப் பதிவிட்டார்: ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 உட்கார்ந்தெழுதல், மறுபடி ஒரு மைல் ஓட்டம். நவம்பரில் சண்டைப் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திட்டமிட்டிருந்த போட்டி தள்ளிப்போனது. உடல் ஒன்று, அளவு ஒன்று, கடிகாரம் ஒன்று என்ற இந்த இலக்குகள், அமைப்பில் 2018ஐவிட 2009இன் கழுத்துப்பட்டைக்கே நெருக்கமானவை.